புது மோடத்துக்கு வைத்த பெயர்

தாட்சாயணிக்கு வயது முப்பத்தொன்று. அவளிடம் தொழில் கற்க வந்த பேச்சிநாதனுக்கு ஐம்பத்து நான்கு.

பாளையங்கோட்டையில் வீடு வீடாக இன்டர்நெட் லைன் கொடுக்கும் கடை அவளுடையது. அவரோ இருபது வருஷத்துக்கு மேல் ரேஷன் கார்டுகளில் பெயர் சேர்த்தும் பெயர் நீக்கியும் காலம் தள்ளியவர். தற்காலிக வேலைதான். அது முடிந்ததும் இங்கே வந்து சேர்ந்தார். அவர் அவளை மேடம் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். யார் குரு, யார் சீடர் என்பதில் இருவருக்கும் சந்தேகம் கிடையாது.

அன்று காலை ஆசீர்வாதம் சார் வீட்டுக்குப் பேச்சிநாதன் தனியாகத்தான் போனார். முந்தின நாள் காலையில் விழுந்த இடியில் அங்கே பழைய மோடம் கருகிப் போயிருந்தது. புதியதை மாட்டினார். பச்சை விளக்கு நின்று எரிந்தது. மனசுக்குள் ஒரு சபாஷ் போட்டுக்கொண்டார்.

புது மோடம் தனக்கென்று ஒரு பெயரோடும் ஒரு பாஸ்வேர்டோடும் வந்திருந்தது. வீட்டில் இருந்த ஒவ்வொரு சாமானையும் எடுத்து, பழைய பெயரை நீக்கிப் புதுப் பெயரைச் சேர்த்தார். சாரின் மனைவி சாராள் டீச்சரின் செல்போன், டிவி, வாசல் கேமரா. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி டிக் போட்டார். கை பழகிய வேலை. ஒரு மணி நேரம் ராஜா மாதிரி இருந்தார்.

படுக்கையறைக்கு வந்ததும் ராஜாங்கம் முடிந்தது. கட்டிலுக்கு எதிரே சுவரில் ஒரு டேப்லெட் மாட்டியிருந்தது. சிலேட்டை விடக் கொஞ்சம் பெரிசு. அதன் திரையில் வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே போய் மாற்றலாம் என்றால் பூட்டு எண் கேட்டது.

"நம்பர் என்ன டீச்சர்?"

"எனக்கு என்ன தெரியும்? சார்தான் போட்டாக."

கட்டிலில் ஆசீர்வாதம் சார் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் கணக்கு வாத்தியார். இப்போது ஐந்து வருஷமாக ஞாபகம் இல்லை. மனைவியையே சில நாள் யாரென்று கேட்பார். அவரிடம் போய் நம்பர் கேட்பது எப்படி? கேட்டார்கள். அவர் சிரித்தார்.

"இத விட்டுத் தள்ளுங்க டீச்சர். நாளைக்குப் பாத்துக்கிடலாம்" என்றார் பேச்சிநாதன்.

டீச்சர் முகம் சுருங்கிவிட்டது.

"நாளைக்கா? நேத்து மத்தியானத்துல இருந்து தண்ணி தவிர ஒண்ணும் உள்ள இறங்கல. பெர்சி இந்தத் திரையில வந்தாத்தான் வாயத் தொறப்பாக."

பெர்சி அவர்களுடைய மகள். மஸ்கட்டில் நர்ஸ். தினமும் பன்னிரண்டரைக்கு அவளுக்கு இருபது நிமிஷம் ஓய்வு. அந்த நேரத்தில் அவள் கூப்பிட்டால், யாரும் தொடாமலே இந்தத் திரையில் வந்துவிடுவாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சார் நாலு வாய் சாப்பிடுவார்.

"செல்லுல பேசச் சொல்லலாம்லா?"

"சொல்லாமலா இருப்பேன்? செல்லை நீட்டினா தட்டி விடுதாக. 'அக்கா ஜன்னல்லதான் வருவா'ங்காக. இவுகளுக்கு இந்தத் திரைதான் ஜன்னல்."

"எந்த அக்கா?"

"அவுக அக்கா, எஸ்தர். தாயில்லாப் பிள்ளைய ஊட்டி வளத்தவுக. செத்துப் பதினாலு வருஷம் ஆச்சு. இப்போ பெர்சி முகம்தான் இவுகளுக்கு அக்கா முகம்." டீச்சர் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "சுகர் உடம்பு தம்பி. இன்னைக்கும் சாப்பிடலன்னா மூக்குல குழாய் போடணும்னுட்டாரு டாக்டர்."

பேச்சிநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று.

சாரின் பிறந்த தேதியைப் போட்டுப் பார்த்தார். தப்பு. பெர்சி பிறந்த தேதி. தப்பு. கல்யாண நாளும் தப்பு. அரை மணி நேரம் பொறுத்து வா என்றது திரை. கணக்கு வாத்தியார் போட்ட பூட்டு. அவ்வளவு லேசில் திறந்துவிடுமா? பொறுத்து வந்து வீட்டுக் கதவு எண்ணைப் போட்டார். அதுவும் தப்பு. இன்னும் ஒரு முறை தவறினால் எல்லாவற்றையும் அழித்துவிடுவேன் என்று சிவப்பு எழுத்தில் வந்தது.

அவருக்கு வேறு வழி தெரியவில்லை. மோடத்தை அணைத்துப் போட்டார். மறுபடி அணைத்துப் போட்டார். பச்சை விளக்கு எரியத்தான் செய்தது. கடைசியில் தாட்சாயணிக்குப் போன் போட்டார்.

அவள் வரும்போது மணி பன்னிரண்டு இருபது.

"மேடம், எல்லாத்தையும் ஒழுங்காத்தான் செஞ்சிருக்கேன். நோட்டப் பாருங்க. இது ஒண்ணுதான் அடம் பிடிக்கு. இன்னும் ஒரு நம்பர்தான் போட முடியும். என்ன போடட்டும்?"

அவள் நோட்டை வாங்கவில்லை. திரையைத் தொடவும் இல்லை. அது முன்னால் நின்று, சுற்றுகிற வட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது என்ன செய்யுது அண்ணாச்சி?"

"சுத்துது மேடம். கெட்டுப் போச்சோ என்னமோ."

"தேடுது."

"எத?"

"தனக்குத் தெரிஞ்ச பேர" என்று சொல்லி அவள் டீச்சர் பக்கம் திரும்பினாள். "டீச்சர், பழைய மோடத்துக்கு என்ன பேரு வச்சிருந்தீங்க?"

"எஸ்தர் இல்லம். வீட்டுப் பேருதான்."

"பாஸ்வேர்டு?"

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். எழுபது வயதில் அவளுக்கு வெட்கம் வந்தது. "என் பேரும், எங்க கல்யாணத் தேதியும். கிறிஸ்மஸுக்கு வர்ற பிள்ளைக எல்லாம் கேக்கும். சொல்லிச் சொல்லி மனப்பாடம்."

காலையிலிருந்து அந்த வீட்டில் இருக்கிறோம், இதை ஒரு தடவை கேட்கவில்லையே என்று பேச்சிநாதனுக்குச் சுருக்கென்றது. கருகிப் போன மோடத்தின் பெயர் யாருக்கு வேண்டும் என்று நினைத்துவிட்டார்.

தாட்சாயணி தரையில் உட்கார்ந்து தன் செல்போனிலிருந்து மோடத்துக்குள் போனாள். புதுப் பெயரை அழித்தாள். 'எஸ்தர் இல்லம்' என்று அடித்தாள். டீச்சர் சொன்ன பழைய பாஸ்வேர்டையே போட்டாள்.

பேச்சிநாதனுக்குப் பொறுக்கவில்லை. "மேடம், இது புது மோடம். இதுக்குப் பழைய பேர வைக்கலாமா? பேரு மாறினா அவங்கவங்க வந்து மாத்திக்கிடணும். ரேஷன் கார்டுல நாங்க அப்படித்தான் செய்வோம்."

"வர முடியாதவங்க?"

"தபால்ல எழுதிப் போடுவோம்."

"எழுத்துத் தெரியாதவங்க?"

பேச்சிநாதன் திரையில் சுற்றுகிற வட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் பொத்தானை அழுத்தினாள். மோடத்தின் விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்தன.

மணி பன்னிரண்டு முப்பத்திரண்டு. டீச்சரின் செல் அடித்தது. அந்தப் பக்கம் பெர்சி. "அம்மா, திரை இன்னும் வரலையா? பன்னெண்டு அம்பதுக்கு நான் வார்டுக்குள்ள போயிரணும்" என்று அவள் கலங்கிச் சொன்னது அறை முழுக்கக் கேட்டது. டீச்சர் ரசம் சோற்றுக் கிண்ணத்தோடு நின்றாள்.

விளக்கு ஒன்று சிமிட்டியது. நின்றது. மறுபடி சிமிட்டியது.

"அமத்திப் போடட்டுமா மேடம்?"

"கையக் கட்டிக்கிட்டு நில்லுங்க."

நின்றார். அவர் வாழ்க்கையில் அத்தனை நீளமான மூன்று நிமிஷத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. இந்த மனுஷருக்கு மூக்கில் குழாய் போட்டால் அது என்னால்தான் என்று உள்ளுக்குள் அரித்தது. அந்த நேரத்தில் பேச்சியம்மனுக்கு என்னவெல்லாமோ நேர்ந்துகொண்டார்.

பச்சை விளக்கு நின்று எரிந்தது. யாரும் சுவருக்குப் பக்கத்தில் போகவில்லை. யாரும் எதையும் தொடவில்லை. திரையில் வட்டம் தானாக நின்றது. மணி ஒலித்தது. பெர்சியின் முகம் வந்தது.

ஆசீர்வாதம் சார் நிமிர்ந்தார்.

"எஸ்தரக்கா! நேத்து எங்க போன?"

நாற்பது வயது மகள், வெள்ளைச் சீருடையில், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கேயும் போகலடே தம்பி. இங்கதான் இருந்தேன். வாயத் தொற பாப்போம்."

அவர் வாயைத் திறந்தார். டீச்சர் ஊட்டினாள். பேச்சிநாதன் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆம்பிளை அழக்கூடாது என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள்.

சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு இருவரும் வாசலுக்கு வந்தார்கள். ஜன்னல் வழியாகப் பேச்சு கேட்டது. "இன்னும் ஒரு வாய், தம்பி. எனக்காக."

ஸ்கூட்டர் பக்கத்தில் பேச்சிநாதன் தயங்கி நின்றார். இருபது வருஷப் பழக்கம் அவரை விடவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"மோடம் சாமான். அதுக்கு என்ன பேரும் வைக்கலாம், சரி. ஆனா அந்தப் புள்ள பேரு பெர்சி. பெத்த அப்பாவத் தம்பிங்கா. செத்துப் போனவங்க பேருக்கு 'நான்தான்'னு பதில் சொல்லுதா. அது தப்பில்லையா? அவருகிட்ட யாராவது உண்மையச் சொல்ல வேண்டாமா?"

தாட்சாயணி வண்டிச் சாவியைப் போடாமல் கையில் வைத்துக்கொண்டாள். ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

"கிண்ணத்துல இன்னும் பாதி இருக்கு. சாப்பிட்டு முடிக்கட்டும்" என்றாள். "அப்புறம் நீங்களே உள்ள போயி, சாருகிட்டச் சொல்லி, எஸ்தருங்கிற அந்தப் பேர நீக்கிட்டு வாங்க அண்ணாச்சி. நான் இங்கயே நிக்கேன்."