வாசலில் தொங்கும் கதிர்க்குஞ்சம்

அந்தக் காலத்தில், குருவிகள் பேசினால் மனிதர்களுக்கும் புரியும் காலத்தில், நாணற்குடி என்றொரு ஊர் இருந்தது. அங்கே வடிவாயி என்றொருத்தி வாழ்ந்தாள். நெற்கதிரைத் தாளோடு அறுத்துவந்து, ஈரம் காயுமுன் பின்னிக் குஞ்சமாகவும் தோரணமாகவும் தொங்கவிடுவதில் அவளுக்கு இணை கிடையாது. அந்தப் பெருமையை அவள் மறைத்துக்கொண்டதும் இல்லை. "என் கை முடிச்சு போட்டா அவிழாது" என்று ஊரெல்லாம் கேட்கச் சொல்லுவாள்.

அறுவடைத் திருநாளில் வீட்டுக்கொரு குஞ்சம் கோயில் மண்டபத்தில் தொங்கும். நடுவிடம் எப்போதும் வடிவாயிக்குத்தான்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. விளைந்தது கொஞ்சம், அதிலும் குருவிகள் கூட்டம் கூட்டமாக இறங்கின. ஊர்த் தலைவர் கருமலையார் பொறுமை இழந்தார். "திருநாள் முடியட்டும். வலை விரிச்சு ஒண்ணு விடாம பிடிச்சிடுவோம்" என்றார்.

திருநாளன்று காலையில் வடிவாயி முற்றத்துக்கு வந்தாள். மண்டபத்துக்கென்று பின்னித் தொங்கவிட்டிருந்த குஞ்சம் முழுக்கக் குருவிகள். கம்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். எல்லாம் பறந்துவிட்டன. ஒரு தாய்க்குருவி மட்டும் அசையவில்லை.

"அடிக்காதே அக்கா. கூட்டில் குஞ்சுகள் கிடக்குது. களத்துக்குப் போனா கவண்கல் வருது. வேறெங்கே போவேன்?"

"அதுக்கு என் குஞ்சம்தான் கிடைச்சுதா?"

"காற்று ஆட்டுது, நாங்க அத்தனை பேரும் தொங்குறோம், ஒரு புரிகூட விடலையே! யாரு பின்னினது?"

"நான்தான்" என்றாள் வடிவாயி. ஓங்கிய கம்பு தானாகத் தாழ்ந்தது.

கிட்டே போய்ப் பார்த்தாள். மணி ஒன்றுகூட மிச்சமில்லை. ஆனால் பின்னல் அப்படியே இருந்தது. குஞ்சத்தையும் குருவியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வாசலில் இப்படி ஒண்ணு கட்டிவிட்டா வயலை விட்டுடுவீங்களா?"

"கதிரைத் தொடமாட்டோம். ஆனா வயலுக்கு வருவோம். குஞ்சுகளுக்குப் புழு வேணும்."

"புழுவைத் தாராளமாத் தின்னுங்க. வாக்கு?"

"வாக்கு" என்றது குருவி.

அவள் புருஷன் சடையன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "போச்சே! மண்டபத்துக்கு என்னத்தைக் கொண்டுபோறது?"

"இதைத்தான்" என்றாள் வடிவாயி.

மணியில்லாத குஞ்சத்தை அவள் மண்டபத்தின் நடுவில் கட்டியபோது ஊரே சிரித்தது. "என்னம்மா, வைக்கோலைக் கொண்டாந்திருக்கே?" என்றார் கருமலையார்.

"குருவிக் கூட்டமே தொங்கித் தின்னும் அவிழாத பின்னல் ஐயா. நீங்களும் இழுத்துப் பாருங்க."

அவர் ஒரு கையால் இழுத்தார். பிறகு இரண்டு கையாலும் இழுத்தார். உத்தரம்தான் முனகியது. சிரிப்பு அடங்கியது. அப்போது வடிவாயி குருவி கொடுத்த வாக்கைச் சொன்னாள்.

"குருவி பேச்சை நம்பி வலை விரிக்காம விடவா? வயல் போச்சுன்னா?" என்றார் கருமலையார்.

"ஒரு போகம் பொறுங்க. குருவி வாக்குத் தவறினா என் வயல் விளைச்சல் மொத்தமும் ஊருக்கு. அப்புறம் நான் கதிரைத் தொடவே மாட்டேன்."

சடையன் எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். கருமலையார் வலை விரிக்க வேண்டாம் என்று சொன்னார்.

வடிவாயி தன் பங்கு நெற்கதிரிலிருந்து வாசலில் குஞ்சம் கட்டினாள். தீரத் தீரக் கட்டினாள். அடுத்த போகத்தில் கதிர் பால்பிடித்தபோது ஊரே வரப்பில் நின்று பார்த்தது. குருவிகள் இறங்கின. தாளிலிருந்த புழுவைக் கொத்தின. கதிர்மேல் ஒரு அலகும் படவில்லை. நாணற்குடி அதுவரை காணாத விளைச்சல் அது.

அறுத்த முதல் கதிர்க்கட்டோடு கருமலையாரே வடிவாயி வீட்டு முற்றத்துக்கு வந்தார். "என் வாசலுக்கும் ஒண்ணு பின்னிக்கொடு தாயி."

"பின்னித் தரமாட்டேன்" என்றாள் வடிவாயி. "உட்காருங்க, சொல்லித் தாறேன்."

தலைப்பாகையை அவிழ்த்து வைத்துவிட்டு அவர் மண்ணில் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் ஊரே கதிரோடு வரிசையில் நின்றது. வடிவாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

அன்று முதல்தான் அறுவடையின் முதல் கதிர் குதிருக்குப் போகாமல் குஞ்சமாகி வீட்டு வாசலில் தொங்குகிறது. குருவியும் மனிதர் வீட்டு வாசலுக்குச் சொந்தக்காரி மாதிரி பயமில்லாமல் வருகிறது.