அந்தரத்தில் தேவாங்கு

மாசி அமாவாசை மாலை. பஞ்ச காலத்துக்கென்று பழம் சேர்த்து வைத்திருந்த கருங்காட்டின் பஞ்சக்குழி முன்னால் நாற்பத்தொரு பிராணிகள் வரிசையில் நின்றன. கடைசியில் நின்றது மினுக்கி என்ற தேவாங்கு. அதன் வயிற்றைப் பற்றிக்கொண்டு ஒரு குட்டி.

மழை பொய்த்த வருடம் அது. வேலையில்லாத பிராணிக்கு நாளுக்கு இரண்டு உலர்ந்த அத்திப்பழம் என்று கரடி ராஜா உத்தரவு போட்டிருந்தது. எடுத்துக் கொடுப்பது முள்ளம்பன்றி.

"நாளையிலிருந்து எனக்கு வேலை, முள்ளண்ணே! இருவாச்சி கூட்டுக்கு ராத்திரிக் காவல். பௌர்ணமிக்குப் பத்துக் குலை அத்தி கூலி!" என்றது மினுக்கி.

"அப்படியா! அப்போ இதுதான் உன் கடைசிப் பங்கு. நகரு!"

"கூலி பௌர்ணமிக்குத்தானே அண்ணே? அதுவரைக்கும் என்ன சாப்பிடுறது?"

"வேலை இருக்கிறவங்களுக்குப் பங்கு கிடையாது. உத்தரவு அப்படி. நானா போட்டேன்?"

முன்னால் நின்ற கீரி திரும்பியது. "இதை ஏன் இங்க வந்து சொன்னே? வாயை மூடிக்கிட்டு வரிசையில நில்லு. நான் நாலு வேலையை வேண்டாம்னு சொல்லியாச்சு!"

மினுக்கிக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் குட்டி வளர்கிறது. இரண்டு பழத்தில் ஊறும் பால் அதற்குப் போதவில்லை. வேலைக்குப் போனது.

முன்கூட்டியே ஒரு குலை கேட்டுப் பார்த்தது. இருவாச்சி சலித்துக்கொண்டது. "இருந்தா தரமாட்டேனா? பொந்துக்குள்ள முட்டையோட அடைஞ்சு கிடக்கிற என் பெண்டாட்டிக்கே அலைஞ்சு அலைஞ்சு ஊட்டுறேன். மரம் பழுக்கிறதே பௌர்ணமிக்குத்தான், தாயே!"

அது பொய் இல்லை.

தேவாங்கு இரை தேடுவது இரவில்தான். காவலும் இரவில்தான். மினுக்கி மரப்பிசினை நக்கிக்கொண்டு ஒரே கிளையில் உட்கார்ந்திருந்தது. ஒரு தடவை பாம்பைக் கண்டு கத்திக் கூட்டைக் காப்பாற்றியது. பால் வற்றியது. பௌர்ணமிக்கு மூன்று நாள் இருக்கும்போது கண் இருட்டி, குட்டியோடு கீழே விழுந்தது.

"காவக்காரியே விழுந்தா என் கூடு என்னாகும்?" என்றது இருவாச்சி. அன்றைக்கே வௌவாலை வேலைக்கு வைத்தது. பாதிக் காவலுக்குக் கூலி பேசியிருக்கவில்லை.

மினுக்கி வரிசைக்குத் திரும்பியது.

"வந்துட்டா பாரு! உழைக்க உடம்பு வணங்காது!" என்றது முள்ளம்பன்றி. கீரி சிரித்தது.

அன்று கரடி ராஜா பஞ்சக்குழியைப் பார்வையிட வந்து, பக்கத்து மரத்தில் உட்கார்ந்திருந்தது. "என்ன சத்தம் அங்கே? இந்த மரத்துக்கு வந்து சொல்லு!" என்றது.

மினுக்கி தலைக்கு மேலிருந்த கிளையைப் பிடித்து, கிளை கிளையாக அந்த மரத்துக்கு ஊர்ந்தது.

"ஒரு தாவு தாவினா ஆச்சு! எவ்வளவு நேரம்?"

"தேவாங்கு தாவாது, ராஜா. முன்கை அடுத்த கிளையைப் பிடிச்ச பிறகுதான் பின்காலை விடுவோம். எங்க வம்சத்துல யாரும் விழுந்ததில்லை."

"நீ விழுந்தியாமே?"

"பிடிக்கிறதுக்கு முன்னாடியே விடச் சொன்னீங்களே!"

கரடி காதைச் சொறிந்தது. "யோசிப்போம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியது. முள்ளம்பன்றி இரண்டு பழம் எடுத்துக் கொடுத்தது. குட்டி பிழைத்துக்கொண்டது.

முதல் கூலி கைக்கு வரும்வரை பங்கு உண்டு என்று ஆவணிப் பௌர்ணமியன்று உத்தரவு மாறியது. இருவாச்சிக் குஞ்சுகள் வைகாசியிலேயே பறந்துவிட்டிருந்தன. மினுக்கி இன்னும் வரிசையில் நின்றது.

அடுத்த கிளை கைக்கு எட்டும் முன்னே காலை விடச் சொல்கிறவர்கள், விழுந்தவரைச் சோம்பேறி என்று ஏசக் கூடாது.