நாற்பது டிகிரியில் ஒரு தாய்மாமன்

எங்கள் அக்கா பெண் சுபாங்கிக்கு மறுநாள் கல்யாணம். மாலை மாற்றும்போது பெண்ணைத் தோளில் தூக்க வேண்டியது தாய்மாமன். அவளுக்கு இரண்டு பேர் இருக்கிறோம்: எங்கள் அண்ணா சேது, அப்புறம் நான். மூத்தவர் என்கிற உரிமை அண்ணாவுக்கு. ஆனால் அக்காவின் பெரிய பெண் கல்யாணத்தில் அவர் ஆசையாகத் தூக்கி, இரண்டாவது மாலைக்குள் முழங்கால் மடங்கி, பெண்ணோடு சேர்ந்து தவில்காரர் மடியில் உட்கார்ந்தார். அதனால் இந்தத் தடவை நான்தான் என்று வீட்டில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

அது காதில் விழுந்ததும் அண்ணா, இரண்டு வருஷமாக விட்டிருந்த ஹாட் யோகாவுக்கு மறுபடி போக ஆரம்பித்தார். ஹீட்டர் போட்டு நாற்பது டிகிரி ஏற்றிய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆசனம் செய்வதற்குத்தான் அந்தப் பெயர். சென்னையில் சித்திரை மாசத்தில் அதற்கு ஹீட்டர் எதற்கு என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும்.

மத்தியானம் மண்டபத்துச் சமையற்கட்டில் எல்லோரும் கறிகாய் நறுக்கிக்கொண்டிருந்தோம். அண்ணா மட்டும் ஃபேனுக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மூணு வாரம் ஆச்சு, ஒரு நாள் விடலை," என்று ஆரம்பித்தார். "நான் உள்ளே நுழைஞ்சதும் மாஸ்டர் அழுதுட்டார். ரெண்டு வருஷமா உங்க இடத்துல யாரையும் பாய் விரிக்க விடலைன்னார்."

"நாற்பது டிகிரிதானே?" என்றார் சமையல் பஞ்சு, கொதிக்கும் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றபடி. "எங்களுக்கு அது குளிர்காலம்ணா."

"உமக்குத் தெரியாது ஓய். முதல் நாள் எனக்கு வேர்த்த வேர்வையில எதிர் வரிசைக்காரா பாயெல்லாம் மிதந்து வாசலுக்குப் போயிடுத்து. சவாசனத்துல படுத்திருந்த ரெண்டு பேர் நீச்சல் அடிச்சுண்டு எழுந்தா. அந்தக் கட்டடத்துல இப்பல்லாம் தண்ணி லாரி வரதில்லை, தெரியுமோ?"

"உப்புக் கரிக்காதோ?" என்று அக்கா கேட்டாள்.

"பாத்திரம் தேய்க்கத்தான் எடுத்துக்கறா," என்றார் அண்ணா, யோசிக்காமல்.

"இதைக் கேளு," என்று அவரே தொடர்ந்தார். "போன வாரம் ஹீட்டர் ரிப்பேர். மாஸ்டர் கையைப் பிசையறார். நான் கண்ணை மூடிண்டு பிராணாயாமம் பண்ணினேன். நாலு மூச்சு. அறை நாற்பதுக்கு வந்துடுத்து. அஞ்சாவது மூச்சுக்கு, கீழ்த்தளத்துல இஸ்திரி போடறவர் மேலே ஓடி வந்து, சார் கொஞ்சம் மெதுவா விடுங்கோ, சட்டை கருகறதுங்கறார். அவர் கரியே போடலை. சுவத்துல பெட்டியை ஒட்டி வெச்சே தேச்சிண்டிருக்கார்."

"உடம்பு வளையறதா?" என்றேன் நான். எனக்கு வேண்டியது தோள் பலம் பற்றிய தகவல். ஆனால் நேரடியாகக் கேட்க மனசு வரவில்லை.

"வளையறதாவா? செவ்வாய்க்கிழமை பின்னால வளைஞ்சேன், நிறுத்தத் தெரியலை, தலை கால் நடுவுல புகுந்து முன்னால வந்து, மறுபடி பின்னால போயிடுத்து. அன்னிக்குத்தான் என் முதுகை நேருக்கு நேர் பார்த்தேன். இடது பக்கம் ஒரு மச்சம் இருக்கு."

"வலது பக்கம்," என்றாள் மன்னி, பீன்ஸிலிருந்து தலை நிமிராமல். முப்பது வருஷமாக அவர் முதுகுக்கு எண்ணெய் தேய்ப்பவள்.

"ரெண்டு சுத்து சுத்தி வந்தவனுக்கு இடது ஏது வலது ஏது? அதை விடு. நேத்திக்கு லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுத்து. உள்ளே ஆறு பேர், ஒரு மாமி வேற நல்ல கனம். நான் விருட்சாசனத்துல, ஒத்தைக் கால்ல நிக்கறேன். காலைக் கீழே வெச்சா மாஸ்டர் கோச்சுப்பார். அப்படியே நொண்டிண்டு போய், ஒரு கையால லிஃப்ட் கம்பியைப் பிடிச்சு இழுத்து, மூணாவது மாடியில விட்டேன். மாமி இறங்கணும்னு சொன்னது ரெண்டாவது மாடி. திரும்ப இறக்கினேன்."

பஞ்சு கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"லிஃப்டைத் தூக்கினவர், அந்தப் பூசணிக்காயைக் கொஞ்சம் இப்படி எடுத்துக் குடுங்கோ."

அண்ணா பூசணிக்காயைப் பார்த்தார். "இன்னிக்குக் கூடாது. பெண்ணைத் தூக்கறதுக்கு முன்னால ஒரு நாள் முழுக்கக் கனமா எதையும் தொடாதீங்கோன்னு மாஸ்டர் சொல்லியிருக்கார். பலம் கலைஞ்சுடுமாம். காப்பி டம்ளரைக்கூட இவதான் பிடிச்சுக்கறா."

டம்ளர் மன்னி பக்கத்தில்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து சுபாங்கி, மருதாணி வைத்த இரண்டு கையையும் விரித்துக்கொண்டு உள்ளே வந்தாள். இதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "நீயே சொல்லிடும்மா, நாளைக்கு உன்னை யார் தூக்கறது?" என்று கேட்டுவிட்டேன். தினமும் காலையில் யாருக்கும் தெரியாமல் அரிசி மூட்டை தூக்கிப் பழகியிருந்தேன். நம்பிக்கை இருந்தது.

அண்ணாவின் குரல் திடீரென்று இறங்கிவிட்டது. "நீ பொறந்தன்னிக்கு ஆஸ்பத்திரியில உன்னை முதல்ல கையில வாங்கினவன் நான்தான்," என்றார். "நாளைக்கும் நான்தான் தூக்கணும்னு ஆசை. அவ்வளவுதான்." அன்று அவர் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம். ஆஸ்பத்திரியில் அப்போது நானும் பக்கத்தில் இருந்தேன்.

சுபாங்கி அவரையும் என்னையும் பார்த்தாள். "சேது மாமாதான்," என்றாள்.

அண்ணா எழுந்தே நின்றுவிட்டார். நான் கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டு, ஏன் என்று கேட்டேன்.

"அவாத்து மாமாவுக்கு முதுகுல ஆபரேஷன் ஆயிருக்கு. மாப்பிள்ளையைத் தூக்க முடியாது, சும்மா பக்கத்துல நிக்கப் போறார். நம்ம பக்கம் மட்டும் தூக்கினா அவருக்கு ஒரு மாதிரி ஆயிடும். ரமணி மாமா, நீங்க ஒரு வேகத்துல நிஜமாவே தூக்கிடுவேள்," என்றாள் என்னிடம். "சேது மாமான்னா அந்தப் பயம் இல்லை."