அசுரனின் கிளி

காத்தமுத்து பாதி ஆயுளைக் கூத்தில் அசுரனாகவே ஆடிக் கழித்தவர். ராஜா வேஷமோ மந்திரி வேஷமோ அவருக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. அந்த மீசைக்கும் அந்தத் தொண்டைக்கும் அசுரன்தான் பொருத்தம் என்று கூத்து வாத்தியார் ஆரம்பத்திலேயே தீர்மானித்துவிட்டார்.

முழங்கால் தேய்ந்து குதிக்க முடியாமல் போனது. உட்கார்ந்தபடியே கதை சொல்லக் கற்றுக்கொள்ளலாம் என்று ஆற்றங்கரை மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே கதை சொல்லிக்கொண்டிருந்தவள் தையல்நாயகி. அவருடைய மூத்த மகளைவிட இளையவள். அவள் கதை சொல்லும்போது ஆற்றில் போகும் பரிசல்காரர்கள் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு கேட்பார்கள்.

காத்தமுத்து அவள் காலில் விழப் போனார். முழங்கால் மடங்கவில்லை. பாதி வழியில் நின்றுவிட்டார்.

"போதும் அண்ணே, நிமிருங்க," என்றாள் அவள். "மீதியை நான் எடுத்துக்கிட்டேன்."

அன்று முதல் அவள் குரு, அவர் சீடர்.

காலை வேளையில் தையல்நாயகி சிறு பிள்ளைகளுக்குக் கதை சொல்வாள். விசேஷ நாட்களில் பெரியவர்களுக்கு. இரண்டிலும் சேராத ஒரு கூட்டம் இருந்தது. பதினைந்து, பதினாறு வயதுக்காரர்கள். படித்துறையில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களே தவிர, மண்டபத்துக்குள் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

ஒருநாள் தையல்நாயகி அவர்களிடம் போய் ஏன் என்று கேட்டாள்.

"எங்களுக்குத்தான் எல்லாக் கதையும் தெரியுமே," என்றாள் அவர்களில் வாயாடியான மரிக்கொழுந்து. "தொட்டில்லயே கேட்டாச்சு."

"தெரிஞ்ச கதையையே வேற மாதிரி சொன்னா?"

"பயமா இருக்குமா?"

"இருக்கும்."

"அப்ப வர்றோம்."

தையல்நாயகி அந்தக் கூட்டத்தைக் காத்தமுத்துவிடம் ஒப்படைத்தாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. பயமுறுத்த அவரைவிட்டால் அந்த ஊரில் வேறு யார்?

அவர் எடுத்துக்கொண்டது ஊருக்கே தெரிந்த கதை. அசுரன் ஒருவன் இளவரசியைத் தூக்கிப்போய்ச் சிறை வைக்கிறான். வெட்டினாலும் குத்தினாலும் அவன் சாக மாட்டான். அவன் உயிர் ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு குகைக்குள், கூண்டில் இருக்கும் கிளியிடம் இருக்கிறது. இளவரசன் அங்கே போகிறான். கிளியின் காலை ஒடிக்கிறான், அசுரனுக்குக் கால் ஒடிகிறது. இறக்கையைப் பிய்க்கிறான், அசுரனுக்குக் கை போகிறது. கடைசியில் கழுத்தைத் திருகுகிறான். அசுரன் சாய்கிறான். பிள்ளைகள் கை தட்டுவார்கள்.

கேட்பவர்கள் பயப்படும்படி இதை எப்படி இருட்டாக்குவது என்று காத்தமுத்து யோசித்தார். வெகுநேரம் யோசிக்கவேண்டியிருக்கவில்லை.

வெயில் தாழ்ந்ததும் கதை தொடங்கியது. அசுரனின் கோட்டையை மண்டையோடுகளால் கட்டினார். அகழியில் தண்ணீருக்குப் பதில் இரத்தம் விட்டார். முந்நூறு இளவரசர்களைத் தின்றுவிட்டு, அவர்கள் குடலை மாலையாகப் போட்டுக்கொண்டு அசுரன் வந்தான். காத்தமுத்து கர்ஜித்தார். தூணிலிருந்த புறாக்களெல்லாம் பறந்துபோயின.

பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். அப்போது நல்லான் என்ற பையன் கையைத் தூக்கினான்.

"தாத்தா, அந்தக் குடல் மாலை மறுநாள் நாறாதா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான். அதன்பிறகு அசுரன் எதைத் தின்றாலும் சிரிப்பு. கர்ஜித்தால் இன்னும் சிரிப்பு. திருவிழா பார்த்துவிட்டுப் போவதுபோல வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மறுநாள் தெருவெல்லாம் பையன்கள் அவரைப்போலவே கர்ஜித்துக்கொண்டு திரிந்தார்கள்.

"இருட்டு பத்தலை," என்று காத்தமுத்து முடிவுகட்டினார்.

அடுத்த தடவை எல்லோரையும் சாகடித்தார். இளவரசன் செத்தான். இளவரசி செத்தாள். தேரோட்டி, சமையல்காரன், கோட்டை வாசலில் நின்ற காவல்காரன் என்று ஒருவர் பாக்கியில்லை.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கொட்டாவி விட்டார்கள். பாதிப் பேர் நடுவிலேயே எழுந்து மாங்காய் அடிக்கப் போய்விட்டார்கள்.

கடைசிவரை இருந்த மரிக்கொழுந்து தயங்கித் தயங்கி அவரிடம் வந்தாள்.

"தாத்தா, கோவிச்சுக்காதீங்க. எல்லாரும் செத்துட்டா அப்புறம் யாரைப் பத்திக் கவலைப்படுறது? அடுத்த தடவையும் இப்படித்தான்னா நாங்க வரல."

காத்தமுத்து உள்ளே போய் வேட்டியையும் துண்டையும் மூட்டையாகக் கட்டினார். மகன் வீட்டில் மாட்டுக்குப் புல் அறுக்க ஆள் இல்லை என்று பல தடவை சொல்லி அனுப்பியிருந்தான். ஆடவும் முடியவில்லை, சொல்லவும் வரவில்லை என்றால் புல்லாவது அறுக்கலாம்.

போவதற்கு முன் குருவிடம் ஒன்று கேட்டுவிட்டுப் போக நினைத்தார்.

"தாயி, ஒரு கதையில எவ்வளவு இருட்டு இருக்கணும்?"

தையல்நாயகி எழுந்து அரசமரத்தடிக்குப் போனாள். அங்கே கிளி ஜோசியர் உத்தண்டி குளிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவரிடம் ஏதோ சொல்லி, கூண்டை வாங்கிக்கொண்டு வந்தாள். கிளியை எடுத்துக் காத்தமுத்துவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதைக் கையில வெச்சுக்கிட்டு அந்தக் கதையைச் சொல்லுங்க. பழைய மாதிரியே சொல்லுங்க. எனக்கு மட்டும்."

கிளி அவர் நினைத்ததைவிட லேசாக இருந்தது. வெதுவெதுப்பாகவும் இருந்தது. அதன் நெஞ்சு படபடவென்று அடிப்பது உள்ளங்கையில் தெரிந்தது.

சீட்டு எடுத்துக் கொடுத்தே பழகிய கிளி அது. சுற்றுமுற்றும் பார்த்தது. சீட்டு எதையும் காணவில்லை. அவர் மீசையில் ஒரு முடியைப் பிடித்து இழுத்துப் பிடுங்கி, தையல்நாயகி முன்னால் போட்டுவிட்டு, நெல் வருமா என்று கழுத்தை நீட்டிப் பார்த்தது.

"ஆ!" என்ற காத்தமுத்து சிரித்துவிட்டார். "என் மீசையில உங்களுக்கு என்ன ஜோசியம் வந்திருக்கு தாயி?"

"கதை," என்றாள் அவள்.

அவர் சொன்னார். கடல்களைத் தாண்டினார். மலைகளைத் தாண்டினார். குகைக்கு வந்தார்.

"இளவரசன் கூண்டைத் தொறந்தான். கிளியைப் பிடிச்சான். அதோட காலை..."

கையிலிருந்த கிளி தலையைக் குனிந்தது. கழுத்து இறகுகளைச் சிலிர்த்து, சொறிந்து விடச் சொல்லிக் காட்டியது. அவர் விரல் தானாகப் போய்ச் சொறிந்தது. கிளி ஒரு கண்ணை மூடியது. பிறகு மற்றதையும் மூடியது.

"அதோட காலை?" என்றாள் தையல்நாயகி.

காத்தமுத்து கிளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடியல தாயி."

"முந்நூறு இளவரசர்களைத் தின்னீங்களே, அண்ணே."

"அவங்க யாரும் என் கையில உட்காரல."

தையல்நாயகி கிளிக்கு நாலு நெல் கொடுத்தாள். கூண்டில் விட்டு, ஈரத்தலையோடு வந்து நின்ற உத்தண்டியிடம் திருப்பிக் கொடுத்தாள்.

காத்தமுத்து மூட்டையை அவிழ்த்தார்.

மூன்றாம் தடவை கூட்டம் பாதிக்குப் பாதிதான் வந்தது. மரிக்கொழுந்து வந்திருந்தாள். வேடிக்கை பார்க்கலாம் என்று நல்லானும் வந்திருந்தான்.

காத்தமுத்து கர்ஜிக்கவில்லை. மிக மெல்லப் பேசினார். பின்னால் இருந்தவர்கள் முன்னால் நகர்ந்து வந்தார்கள். மண்டையோடு இல்லை, அகழி இல்லை. நேரே குகைக்குப் போனார்.

"அந்தக் கிளிக்கு இறகு முளைக்கிறதுக்கு முன்னாடியே அசுரன் அதைக் கொண்டுபோய் அங்க வெச்சுட்டான். அதுக்கு வேற யாரையும் தெரியாது. அவன் எப்பவாவது வருவான். வரும்போது ஒரு கொய்யாப்பழம் கொண்டுவருவான். அவன் அதுக்கு ஒரே ஒரு பேச்சுத்தான் சொல்லிக் கொடுத்திருந்தான். 'வந்துட்டியா?'ன்னு கேட்க. அவனுக்கு அது கேட்கப் பிடிக்கும். வேற யாரும் அவனை அப்படிக் கேட்டதில்ல."

நல்லான் காலாட்டுவதை நிறுத்தினான்.

"இன்னிக்கு வெயில் இறங்கினதும் இளவரசியைக் கொன்னுருவேன்னு அசுரன் சொல்லிட்டான். இளவரசன் குகைக்கு வந்து சேர்றப்போ வெயில் சாய ஆரம்பிச்சுருச்சு. அவன் காலடிச் சத்தம் கேட்டுச்சு கிளிக்கு. காலடிச் சத்தம்னா அதுக்குக் கொய்யாப்பழம். 'வந்துட்டியா?'ன்னு கேட்டுச்சு."

முன்னால் இருந்தவர்கள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

"கூண்டைத் தொறந்தான். பிடிக்க வேண்டிய வேலையே இல்ல. அதுவே அவன் மணிக்கட்டுல ஏறி உட்கார்ந்துக்கிச்சு. சொறிஞ்சு விடுன்னு கழுத்தைக் குனிஞ்சு காட்டுச்சு."

"தாத்தா," என்றாள் மரிக்கொழுந்து. "கிளி என்ன தப்புப் பண்ணுச்சு?"

காத்தமுத்து, தூணோரம் உட்கார்ந்திருந்த தையல்நாயகியைப் பார்த்தார். அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு தப்பும் பண்ணல," என்றார்.

"அப்ப விட்டுருவானா?"

"விட்டா இளவரசி இல்ல."

"கொன்னா?"

காத்தமுத்து இந்தத் தடவை காலை ஒடிக்கவில்லை, இறக்கையைப் பிய்க்கவில்லை.

"இளவரசன் கண்ணை மூடிக்கிட்டான்," என்றார். "எங்கேயோ வெகுதூரத்துல அசுரன் விழுந்தான்."

கை தட்டும் இடம் அதுதான். யாரும் தட்டவில்லை.

"இளவரசி வீடு வந்து சேர்ந்தா. ஊரே தெருவுல நின்னுச்சு. இளவரசனுக்கு மாலை போட்டாங்க, யானைமேல ஏத்தினாங்க. அவனும் எல்லாரையும் பார்த்துக் கையசைச்சான். இடது கையாலதான் அசைச்சான். வலது கையை அங்கவஸ்திரத்துக்குள்ள வெச்சிருந்தான்."

கதை முடிந்தது.

மரிக்கொழுந்து தாவணி முனையால் கண்ணைத் துடைத்தாள். ஆற்றுத் தண்ணீர் படியில் மோதும் சத்தம் கேட்டது. காத்தமுத்து, நாளைக்குப் புல் அறுக்கத்தான் போகவேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

"கூண்டோட தூக்கிட்டுப் போயிருக்கணும்," என்றான் நல்லான் திடீரென்று. "அசுரன்கிட்ட காட்டி, 'நீ அவளை விடு, நான் இதை விடறேன்'னு சொல்லியிருக்கணும்."

"ஏழு கடல் தாண்டுறதுக்குள்ள வெயில் இறங்கிரும்டா, மண்டு!"

"அப்ப முதல்லயே கிளம்பியிருக்கணும்!"

"எனக்கு அசுரனை நெனைச்சாத்தான் பாவமா இருக்கு," என்றது ஒரு குரல்.

"உனக்கு எதுக்குத்தான் பாவமா இல்ல?"

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எழுந்து நின்று பேசினார்கள். பேசிக்கொண்டே மண்டபத்தைவிட்டு இறங்கினார்கள். ஒருவன் கிளிக்குரலில் "வந்துட்டியா?" என்று கேலி செய்தான். மூன்று பக்கமிருந்தும் முதுகில் அடி விழுந்தது. அடி வாங்கியவனும் சிரித்தான், அடித்தவர்களும் சிரித்தார்கள். ஆனால் சண்டை நிற்கவில்லை.

மரிக்கொழுந்து மட்டும் திரும்பி ஓடிவந்தாள்.

"தாத்தா, நாளைக்கும் இதே கதைதான். இளவரசிகிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா? கேட்டிருந்தா அவ என்ன சொல்லியிருப்பான்னு நான் சொல்லப் போறேன். நீங்க அசுரனை மட்டும் பார்த்துக்குங்க. மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்."

பதிலுக்குக் காத்திராமல் ஓடிவிட்டாள்.

காத்தமுத்து முழங்காலைத் தடவிக்கொண்டே குருவின் அருகே வந்து உட்கார்ந்தார்.

"தாயி, மொதல்ல சிரிச்சாங்க. அப்புறம் கொட்டாவி விட்டாங்க. இன்னிக்கு அழுதாங்க. இப்ப அடிச்சுக்கிறாங்க. பயமுறுத்தத்தானே என்னை உட்கார வெச்சீங்க? நான் சரியாச் சொன்னேனா, தப்பாச் சொன்னேனான்னே புரியல."

படித்துறையிலிருந்து நல்லானின் கத்தல் கேட்டது. அதற்குமேல் மரிக்கொழுந்தின் கத்தல்.

"யாருக்காக அடிச்சுக்கிறாங்க?" என்று கேட்டாள் தையல்நாயகி.

காத்தமுத்து காதைக் கொடுத்துக் கேட்டார். அவர் மீசைக்குள் சிரிப்பு வந்தது.

"கிளிக்காக."

"போன வாரம் வரைக்கும் அந்தக் கிளிக்கு யார் இருந்தாங்க, அண்ணே?"

காத்தமுத்து யோசித்துப் பார்த்தார். போன வாரம் அவர் சொன்ன கதையில் அசுரன்கூட ஒருநாளும் அதை எட்டிப் பார்த்ததில்லை.