உசிலைக்கு வெயில்

“மலையைக் கொளுத்திடலாம் அம்மா. உத்தரவு கொடுங்க.”

மாசிலாமணியின் இரண்டு கைகளிலும் முள் கிழித்த ரத்தம். மனைவி இறந்த பிறகு மலையடி ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தவர் அவர். குருவான ஞானாம்பிகை அம்மையைவிட வயதில் மூத்தவர்.

சரிவு முழுக்க உண்ணிச்செடி. எங்கிருந்தோ வந்தது, புல்லை மூடிப் புதராய் மண்டிக் கிடந்தது. அதை அழிப்பது அவருக்கு முதலில் வேலையாக இருந்தது. பிறகு வெறியாகிவிட்டது.

“அந்தச் செடியை உங்களுக்கு நல்லாத் தெரியுமா ஐயா?”

“கண்ணை மூடிக்கிட்டே சொல்வேன். நாலு பட்டைத் தண்டு. முள்ளு. இலையைக் கசக்கினா ஒரு நெடி. கிளையை வெட்டினா நாலாத் தழைக்கும், வேர்க்கட்டையோட பெயர்க்கணும்.”

“வாங்க.”

அம்மை சரிவில் ஏறினார். ஒரு புதரடியில் குப்புறப் படுத்து, கையை நுழைத்துச் சருகை விலக்கினார்.

மாசிலாமணியும் படுத்தார்.

உள்ளே, வெளிச்சம் தேடி வளைந்து, வெளிறிப்போய், விரல் நீளத்தில் ஒரு கன்று.

“இது யாரு?”

அவருக்குத் தெரியவில்லை.

“உசிலை. இந்த மலையோட பிள்ளை.”

மாசிலாமணி அந்தக் கன்றை ஒரு விரலால் தொட்டார். பேர் தெரியாமல் எத்தனையைச் சாய்த்தோமோ!

“நான் என்னம்மா செய்ய?”

“இதுக்கு வெயில் விழணும். அவ்வளவுதான்.”

அன்று அந்த ஒரு புதரை மட்டும் வேரோடு பெயர்த்தார். மறுபடி மண்ணைப் பிடிக்காதபடி பாறைமேல் கவிழ்த்துப் போட்டார்.

மழை வந்தது. புதர் புதராகத் தவழ்ந்து தேடினார். சாப்பாட்டு வேளையில் ஒரு இலையோடு வந்து நிற்பார்.

“இது யாரம்மா?”

“வெட்பாலை.”

“இது?”

“கொன்றை. கையைக் கழுவிட்டு உட்காருங்க, சோறு ஆறுது.”

யாரைக் கண்டுபிடித்தாரோ, அவர்களைச் சுற்றியிருந்த புதரைப் பெயர்த்து வானத்தைத் திறந்துவிட்டார்.

ஒருநாள் உசிலையை ஆடு கடித்துவிட்டது. சின்னப் பிள்ளைபோல் அழுதுகொண்டு ஓடிவந்தார்.

“வேர் இருக்கா?”

“இருக்கு.”

“பின்ன என்ன? இந்த மோரைக் குடிங்க.”

குடித்தார். குடித்துவிட்டு வேலி கட்டப் போனார்.

கோடையில் ஒரு காலை, சீக்கிரமே இறங்கி வந்தார்.

“இன்னைக்குப் பெயர்க்கலையா?”

“புதருக்குள்ள கொண்டைக்குருவி கூடு கட்டியிருக்கும்மா. குஞ்சுங்க வாயைப் பிளந்துக்கிட்டுக் கிடக்குது.”

“உண்ணிச்செடியிலயா?”

“ஆமா. பறந்து போகட்டும், அப்புறம் பெயர்த்துக்கலாம். பழுத்து விதை விழக் கூடாதுன்னு பூவை மட்டும் கிள்ளிட்டு வந்தேன்.”

அம்மை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தச் செடிமேல இன்னும் கோபமா ஐயா?”

மாசிலாமணி குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“கோபமா? அதுக்கு எங்கம்மா நேரம்? வெயில் ஏறுறதுக்குள்ள கன்னுங்களுக்குத் தண்ணி ஊத்தணும்.”