அழுங்கு எந்தக் கட்சி?

மூங்கில் காட்டின் நடுவே ஒரு குட்டை இருந்தது. கோடை வந்தால் காட்டு ஓடைகள் எல்லாம் வற்றிவிடும். அந்தக் குட்டையில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். காடு முழுவதும் அதை நம்பித்தான் உயிர் பிழைத்தது.

குட்டையை ஒட்டிய புற்று மேட்டில் ஓர் அழுங்கு வசித்தாள். உடம்பு முழுக்கச் செதில் இருந்ததால் அவளைச் செதிலி என்று கூப்பிட்டார்கள். எறும்பும் கறையானும் தின்று, யார் வம்புக்கும் போகாமல் வாழ்ந்தவள். ஆபத்து வந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்வாள். அதைத் தவிர வேறு தற்காப்பு அவளுக்குத் தெரியாது.

போன கோடையில் அந்தக் கரையில் ஒரு கொடுமை நடந்தது. முயல் அளவே இருக்கும் ஒரு சருகுமான், கால் ஒடிந்து நொண்டிக்கொண்டே குட்டைக்கு வந்தது. பன்றிகளும் காட்டெருமைகளும் முட்டி மோதிக் குடித்துக்கொண்டிருந்தன. சருகுமானுக்கு ஒருவரும் வழி விடவில்லை. இரண்டு நாள் அது கரையோரம் காத்துக் கிடந்தது. மூன்றாம் நாள், தண்ணீருக்குப் பத்தடி தூரத்தில் செத்துக் கிடந்தது.

முந்தின நாள் செதிலி அந்த வழியாகத்தான் போனாள். "ஒரு வாய்த் தண்ணீர்..." என்று அது முனகியது அவள் காதில் விழுந்தது. பன்றிகளுக்குப் பயந்து அவள் அங்கேயே சுருண்டுகொண்டாள். சத்தம் அடங்கியதும் எழுந்து வளைக்குப் போய்விட்டாள்.

அந்தச் சாவு காட்டையே தலைகுனிய வைத்தது. "இனிமேல் கோடையில் குட்டையை ஒரு கட்சி பார்த்துக்கொள்ளட்டும். எந்தக் கட்சி என்பதை எல்லாரும் சேர்ந்து முடிவு செய்வோம்" என்று விலங்குகள் தீர்மானித்தன. மூன்று கட்சிகள் கிளம்பின. ஆளுக்கு ஓர் இலை. பிடித்த கட்சியின் மரத்தடியில் அந்த இலையைப் போட வேண்டும். எண்ணிச் சொல்லும் பொறுப்பு ஒரு பெண் யானைக்கு.

கொம்புக் கட்சியின் தலைவர் கிளையன் என்ற கடமான். "காவல் இல்லாத குட்டை கலவரக் குட்டை! நாங்கள் காவல் காப்போம். காவல் காப்பவர்கள் முதலில் குடிப்பார்கள். மற்றவர்கள் வரிசையில் வரட்டும்!" என்றார் அவர்.

வால் கட்சியின் தலைவன் துள்ளன் என்ற குரங்கு. "தண்ணீர் யார் வீட்டுச் சொத்து? காவலும் வேண்டாம், வரிசையும் வேண்டாம்! தாகம் எடுத்தவர்கள் வந்து குடியுங்கள்!" என்று கிளைக்குக் கிளை தாவிச் சொன்னான்.

வளைக் கட்சி சின்னக் கட்சி. அதன் தலைவன் சிலும்பன் என்ற முள்ளம்பன்றி. "குட்டையை ஆழமாகத் தோண்டணும். எல்லாரும் மண் அள்ளணும். முடியாதவர்கள் முதலில் குடிக்கணும்" என்றான். அவ்வளவுதான் அவன் பேச்சு. கைதட்டுக்குக்கூட நிற்காமல் போய்விட்டான்.

மூன்று கட்சிக்காரர்களும் செதிலியைத் தேடி வந்தார்கள்.

"உன் செதிலும் எங்கள் கொம்பும் ஒரே கெட்டி! நீ எங்கள் இனம்!" என்றது ஒரு மான்.

"இவ்வளவு நீள வாலை வைத்துக்கொண்டு யோசிக்கலாமா? நீ நம்ம ஆள்!" என்றது ஒரு குரங்கு.

"வளையில் தூங்குகிறவள் வளைக் கட்சிதானே!" என்றது ஓர் எலி.

செதிலிக்குக் குழப்பமாக இருந்தது. செதில், வால், வளை மூன்றும் அவளுடையவைதான். எதை வைத்து முடிவு செய்வது?

அன்று மாலை அவளுடைய அண்ணன் கவசன் மலைச்சரிவிலிருந்து இறங்கி வந்தான். "இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கிளையன்தான் ஜெயிப்பார். ஜெயிக்கிறவர் பக்கம் நின்றால் நாளைக்கு நமக்குத் தண்ணீர் நிச்சயம். நான் கொம்புக் கட்சி. நீயும் அப்படியே போடு!" என்றான்.

"கொஞ்சம் பொறு அண்ணே" என்றாள் செதிலி.

மறுநாள் விடிந்ததும் அவள் கிளையனிடம் போனாள். "ஐயா, ஒன்று கேட்கலாமா? காலொடிந்த ஒருத்தி கடைசியாக வந்து சேர்ந்தால் என்ன செய்வீர்கள்?"

கிளையன் பொய் சொல்லவில்லை. "வரிசை முடிந்ததும் குடிக்கட்டும். விதி எல்லாருக்கும் ஒன்றுதான் அம்மா. ஒருவருக்காக வளைத்தால் அப்புறம் விதியே இருக்காது."

"அதற்குள் தண்ணீர் சேறாகிவிட்டால்?"

"ஊறட்டும். மறுநாள் வரட்டும்."

அடுத்து அவள் துள்ளனிடம் அதையே கேட்டாள். "அவளை யார் தடுக்கப் போகிறார்கள்? நேராகப் போய்க் குடிக்கட்டும்!" என்று அவன் சிரித்தான்.

"போன வருஷமும் தடை எதுவும் இல்லையே. தள்ளிவிட்டார்களே!"

"இந்த வருஷம் யாரும் தள்ள மாட்டார்கள். எல்லாரும் நல்லவர்கள்தான் அக்கா. நம்பு!"

சிலும்பனிடம் போக மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய வளையைப் பிடுங்கிக்கொண்டு அவளை மழையில் விரட்டியவன் அவன். ஒரு நல்ல வார்த்தை பேசி அவள் கேட்டதில்லை. வெயில் ஏறும்வரை புதர் ஓரமாகவே நின்றாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு போய்க் கேட்டாள்.

சிலும்பன் தலையைத் தூக்காமலே பதில் சொன்னான். "அவள் முதலில் குடிப்பாள். நீ காத்திருப்பாய். உனக்குத் தாகத்தில் தொண்டை வறண்டாலும் காத்திருப்பாய். சம்மதமா?"

செதிலி பதில் சொல்லும் முன் அவனே தொடர்ந்தான்.

"இன்னொன்றும் கேட்டுக்கொள். அள்ளுகிற மண்ணைக் கொட்ட இடம் வேண்டும். உன் மேட்டில் இரண்டு புற்றை இடிக்க வேண்டிவரும்."

"அது என் சாப்பாடு!"

"தெரியும். இலை வாங்கிக்கொண்ட பிறகு சொல்வதைவிட இப்போதே சொல்வது நல்லது."

செதிலி கோபத்தோடு வளைக்குத் திரும்பினாள். அன்று முழுவதும் சுருண்டே கிடந்தாள். கண்ணை மூடினால் அந்த முனகல் கேட்டது. சருகுமானின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. 'அன்றைக்கு என்ன நடந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்?' என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். காவல் நின்றிருந்தால் பன்றிகள் அடங்கியிருக்கும். ஆனாலும் அந்த மான் வரிசையின் கடைசியில்தான் கிடந்திருக்கும். காவலே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் கண்ணால் பார்த்தாகிவிட்டது. யாராவது ஒருவர், "இவள் முதலில் குடிக்கட்டும்" என்று சொல்லியிருக்க வேண்டும். தான் சொல்லியிருக்க வேண்டும்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். தான் நம்புவது இதுதான் என்று அவளுக்கு முதல்முறையாகத் தெரிந்தது.

இலை போடும் நாள் வந்தது. வேங்கை மரம் கொம்புக் கட்சிக்கு, நாவல் மரம் வால் கட்சிக்கு, மருத மரம் வளைக் கட்சிக்கு. செதிலி மருத மரத்தை நோக்கி நடந்தாள். கவசன் ஓடிவந்து மறித்தான்.

"உனக்கென்ன பைத்தியமா? அவன் உன் வளையைப் பிடுங்கினவன்!"

"மறக்கவில்லை அண்ணே. அவன் குணத்துக்காக நான் இலை போடவில்லை. அவன் சொல்வதை நானும் நம்புகிறேன், அதற்காகப் போடுகிறேன்."

"புற்றை இடிப்பேன் என்கிறானே!"

"அதில் எனக்குச் சம்மதம் இல்லை. அதை எதிர்த்து அவன் கூட்டத்திலேயே பேசுவேன். எனக்கென்றே செய்துவைத்த கட்சி இந்தக் காட்டில் கிடையாது. இருக்கிறதில் எது என் மனசுக்குப் பக்கத்தில் நிற்கிறதோ, அதற்குத்தான் போட முடியும்."

இலையைப் போட்டுவிட்டு நகர்ந்தாள். கவசன் முறைத்தபடி வேங்கை மரத்தை நோக்கிப் போனான்.

மாலையில் யானை எண்ணிச் சொன்னாள். கொம்புக் கட்சிக்கு நூற்றுப் பத்து இலை. வளைக் கட்சிக்குத் தொண்ணூற்று மூன்று. வால் கட்சிக்கு அறுபது.

கிளையன் ஜெயித்தார். வேங்கை மரத்தடியில் ஆரவாரம் எழுந்தது.

"பார்த்தாயா? உன் இலை வீணாகப் போயிற்று!" என்றான் கவசன்.

செதிலிக்கு நெஞ்சு கனத்தது. ஆனாலும் அவள் வளைக்குள் போய் ஒளியவில்லை. மறுநாள் காலையில் சிலும்பனையும் எலிகளையும் கூட்டிக்கொண்டு கிளையன் முன்னால் போய் நின்றாள். காவலுக்கு நின்ற பெரிய பெரிய கொம்புகளைப் பார்த்ததும் அவள் உடம்பு தானாகச் சுருளப் பார்த்தது. காலை ஊன்றி நிமிர்ந்து நின்றாள்.

"ஐயா, நீங்கள் ஜெயித்தீர்கள். நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் முடியாதவர்கள் முதலில் குடிக்கட்டும் என்று தொண்ணூற்று மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள். அவர்களும் இந்தக் காட்டுக்காரர்கள்தான்!"

காவல் மான்கள் முணுமுணுத்தன. கிளையன் கொம்பை அசைத்து அவர்களை அடக்கினார்.

"தொண்ணூற்று மூன்று சின்ன எண்ணிக்கை இல்லை" என்றார். "குட்டையைத் தோண்ட நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தண்ணீர் கலங்கிவிடும். ஆனால் நடக்க முடியாதவர்கள் காவலர்களுக்கும் முன்னால் குடிக்கலாம். இதையும் விதியாகவே எழுதிக்கொள்ளுங்கள்."

சிலும்பன் திரும்பும் வழியில் செதிலியிடம் நன்றி சொல்லவில்லை. "அடுத்த வருஷம் தோண்டுவதைப் பற்றிப் பேசுவோம்" என்று மட்டும் சொன்னான்.

"புற்றைப் பற்றியும் பேசுவோம்" என்றாள் செதிலி.

அந்தக் கோடை கடுமையாக இருந்தது. மழை தள்ளிப் போயிற்று. காட்டில் சாவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கரையில் காத்துக் கிடந்து ஒருவரும் சாகவில்லை. கண் தெரியாத மரநாய் ஒன்று தினமும் காலையில் வரிசைக்கு முன்னால் நடந்துபோய்க் குடித்தது. கொம்புகள் விலகி அதற்கு வழி விட்டன. செதிலி தொண்டை வறள, தன் முறை வரும்வரை வெயிலில் நின்றாள்.

பிள்ளைகளே, எந்தக் கட்சி நமக்கு ஏற்றது என்று தேடும் முன் நாம் எதை நம்புகிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு அதற்கு மிக அருகில் நிற்பவர்களோடு, அவர்கள் தோற்றாலும், துணிந்து நிற்க வேண்டும்.