இறங்காத தலைவர்

மார்க்கெட் சங்கத் தலைவர் மாசிலாமணியிடம் பந்தயக் கார் போலத் தாழ்வான சின்னச் சிவப்புக் கார் ஒன்று இருந்தது. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதால், கனத்த சரீரத்தோடு அவர் ஏறி உட்கார்ந்தால் வேகத்தடைகளில் அதன் அடிப்பக்கம் உரசும்.

"நான் இறங்கி நடக்க மாட்டேன். இன்னைக்கு உரசினா நாளைக்கு வேலைக்கு வராதே," என்றார் டிரைவர் வேணியிடம்.

விடியற்காலைப் பனியில் மார்க்கெட்டிலிருந்து அவர் வீட்டை நோக்கிக் கார் படகுபோல மிதந்து போனது. முதல் வேகத்தடைக்கு முன்னால் வேணி நிறுத்தினாள்.

"மாரியம்மன் கோயில் ஐயா. ஜனங்க பார்க்கிறாங்க. உட்கார்ந்தபடியே கும்பிட்டுக்கிறீங்களா?"

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, கன்னத்தில் போட்டுக்கொண்டார். கார் பூப்போலத் தாண்டியது. அடுத்த வேகத்தடையில், அரசமரத்துப் பிள்ளையாரிடமும் அப்படியே.

கடைசி வேகத்தடை அவர் வீட்டு வாசலில் இருந்தது. போகிறவர்கள் நின்று தன் பெயர்ப்பலகையைப் படிக்கட்டும் என்று அவரே உயரமாகப் போடச் சொன்னது.

"இங்க எந்தச் சாமி இருக்குன்னு நிறுத்தினே?"

"ஊரே நின்னு பார்த்துட்டுப் போற இடம் ஐயா. நீங்க மட்டும் இறங்காமப் போனா நல்லாவா இருக்கும்?"

பனிக்குள் பொன்னெழுத்தில் அவர் பெயர் மினுங்கியது. தலைவர் மெல்ல இறங்கினார். பால்காரர் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.